காத்திருப்பின் விலை

தென்னந்தோப்பின் எருக்குழியைக் கிளறினால், விரல் பருமனில் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். காண்டாமிருக வண்டின் பிள்ளைகள் அவை. வளர்ந்து வெளியேறியதும் மரத்தின் உச்சிக்குப் பறந்துபோய்க் குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் மட்டைகள் முக்கோணமாகக் கத்தரித்ததுபோல் நிற்கும். இந்தப் புழுக்களை எருக்குழியிலேயே அழிக்க வேளாண்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வழி, மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து குழியில் ஊற்றுவது.

ஊற்றியபின் நடப்பதைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. பூஞ்சாணத்தின் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறியது. புழுவின் தோல்மேல் உள்ள மெழுகுப் படலத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. ஈரம் கிடைத்தால் முளைக்கிறது. முளையின் நுனி பருத்துத் தோலை அழுத்துகிறது. கூடவே தோலில் உள்ள புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. தோலில் துளை விழுந்ததும் உடலுக்குள் நுழைந்து குருதியில் பெருகுகிறது, நச்சுப்பொருள்களை வெளியிடுகிறது. புழு முதலில் தீனியைக் குறைக்கும், பிறகு அசைவைக் குறைக்கும். சில நாள்களில் செத்துவிடும். செத்த உடல் அழுகுவதில்லை, கெட்டிப்படுகிறது. ஈரம் இருந்தால் அதன் மேல் வெள்ளை இழைகள் வெளிவந்து, கடைசியில் உடல் முழுவதும் பச்சைப் பொடியால் மூடப்படும். அந்தப் பொடி அத்தனையும் வித்துகள், அடுத்த புழுவுக்காகக் காத்திருப்பவை. இதில் பூச்சி எதையும் தின்னவேண்டியதில்லை, வித்து மேலே பட்டால் போதும். இலையைக் கடிக்காமல் சாற்றை மட்டும் உறிஞ்சும் வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றின் மேலும் பூஞ்சாணங்கள் வேலை செய்வது இதனால்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நன்மை செய்யும் பூஞ்சாணம்’ என்றும் ‘இயற்கை மருந்து’ என்றும் நாம் இதற்கு இதமான பெயர்கள் வைத்திருக்கிறோம். வயலில் நாம் உண்மையில் தெளிப்பது ஒரு நோய். ஓர் உயிரினத்தின் மேல் தெரிந்தே ஒரு கொள்ளைநோயை ஏவுகிறோம். அப்படிச் செய்யும் உரிமை நமக்கு உண்டா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த முறையை முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். மற்ற வழியான ரசாயனம் என்ன செய்தது என்பதைக் காசர்கோடு காட்டிவிட்டது. அங்கே முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவைக் கொல்ல 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அதன் சுமையைச் சுமக்கும் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதிக்க 2011 ஆகிவிட்டது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். அவர்களில் பலர் விவசாயக் கூலிகள். பூச்சியைக் கொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும் இடத்தில் நாம் இல்லை. எதைக்கொண்டு கொல்வது, யார் உடலைப் பணயம் வைத்துக் கொல்வது என்பதுதான் நம்முன் உள்ள கேள்வி.

இந்தப் பூஞ்சாணங்களைப் பற்றிய அறிவு பூச்சியைக் கொல்ல விரும்பியவரிடமிருந்து வரவில்லை, காப்பாற்ற விரும்பியவரிடமிருந்து வந்தது. வட இத்தாலியின் லோதி நகரை அடுத்த பகுதியில் வாழ்ந்த அகோஸ்தினோ பாஸி சட்டம் படித்தவர். கண்பார்வை மங்கியதால் அரசு வேலையை விட்டவர். அந்நாளில் இத்தாலியின் பட்டுப்புழு மனைகளை ஒரு நோய் சூறையாடியது. புழுக்கள் விறைத்துச் செத்து, சுண்ணாம்பில் புரட்டியெடுத்தவைபோல் வெளுத்துக் கிடந்தன. காற்று கெட்டது, இலை கெட்டது, வளர்ப்பவர் கவனக்குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாஸி 1807-இல் தொடங்கி 25 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒன்றையே ஆராய்ந்தார். செத்த புழுவின் மேலுள்ள வெள்ளைப் பொடியை நலமான புழுவின் மேல் வைத்தால் அதுவும் அதேபோல் சாகிறது என்று காட்டினார். 1835-இல் அவர் நூல் வெளியானது. ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்குக்கு நோயை உண்டாக்குகிறது என்பதை நிறுவிய முதல் ஆய்வு அது. லூயி பாஸ்டர் அப்போது பள்ளிச் சிறுவன். மனைகளைக் கழுவுங்கள், கருவிகளைச் சுத்தம் செய்யுங்கள், நோயுற்ற புழுக்களைப் பிரித்து அகற்றுங்கள் என்று பாஸி வளர்ப்பவர்களிடம் வேண்டினார். அவர் பெயரைத் தாங்கிய பூஞ்சாணம்தான் பிவேரியா பாசியானா. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் பொட்டலமாகவும் புட்டியாகவும் விற்பது அதுவேதான்.

அந்த நோய் இத்தாலியோடு போய்விடவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் அது இன்றும் தீராத அச்சம். உடுமலைப் பகுதியில் தென்னந்தோப்பும் காய்கறி வயலும் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒருவர் தம் கத்தரிச் செடியைக் காப்பாற்றத் தெளிக்கும் பிவேரியா காற்றில் கலந்து அண்டை மனைக்குள் போனால், அங்கே ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு வெளுத்து விறைத்துவிடக்கூடும். 700-க்கும் மேற்பட்ட பூச்சி இனங்களில் குடியேறவல்லது இந்தப் பூஞ்சாணம். நமக்கு வேண்டிய பூச்சி எது, வேண்டாதது எது என்ற கணக்கு அதற்குத் தெரியாது. பட்டு வளர்ப்புப் பகுதியில் பிவேரியாவைத் தவிர்க்கவேண்டும் என்பதைப் பட்டு வளர்ப்பு ஆய்வாளர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தச் சொல் மருந்துக்கடை மேசைவரை வந்துசேர்வதில்லை என்பதுதான் என் கவலை.

பூஞ்சாணத்தைக் கருவியாக்கலாம் என்று செயலில் இறங்கியவர் எலீ மெச்னிகாஃப். பின்னாளில் உடலின் எதிர்ப்புச்சக்தி பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்ற அதே மெச்னிகாஃப். 1879-இல் ஒடெசா பகுதியில் தானியப் பயிரைத் தின்ற வண்டின் புழுக்களில் மெட்டாரைசியத்தைக் கண்டெடுத்தார். பீர் தயாரிக்கும் கூழில் அதை வளர்க்கலாம் என்றும் காட்டினார். 1884-இல் கிராசில்சிக் என்பவர் உக்ரைனின் ஸ்மேலாவில் அதற்கென ஒரு கூடமே அமைத்து, சில மாதங்களில் 55 கிலோ வித்துகளைத் தயாரித்துச் சர்க்கரைக் கிழங்கு வயல்களில் தூவினார். அந்நாளைய நம்பிக்கை அளவற்றது. அந்த நம்பிக்கை உடைந்த இடம்தான் நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கோதுமையையும் சோளத்தையும் சிஞ்ச் என்ற நாவாய்ப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ஸ்னோ 1880-களின் இறுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். விவசாயிகள் உயிருள்ள பூச்சிகளைப் பெட்டியில் அடைத்து அஞ்சலில் அனுப்புவார்கள். பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு வெள்ளைப் பூஞ்சாண நோயைத் தொற்றவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அவற்றை வயலில் விட்டால் நோய் பரவும் என்பது எண்ணம். மாநிலச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியது. பூச்சி செத்தது என்று நன்றி சொல்லி விவசாயிகளிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பில்லிங்ஸ், கிளென் என்ற இருவர் வயல்களை நிதானமாக ஆராய்ந்து 1911-இல் முடிவை வெளியிட்டார்கள். பூஞ்சாணம் அந்த வயல்களில் ஏற்கனவே எங்கும் இருந்திருக்கிறது. ஈரப்பதம் கூடியபோது அது தானே பெருகிப் பூச்சியைக் கொன்றிருக்கிறது, வறண்டபோது அடங்கியிருக்கிறது. அஞ்சலில் வந்த பூச்சிகளால் கண்ணுக்குத் தெரியும் பயன் எதுவும் இல்லை. இலங்கையின் பேராதனையில் அரசின் பூஞ்சாணவியலாளராக இருந்த டாம் பெட்ச், பயிர்களின் செதில் பூச்சிகள்மேல் வளரும் பூஞ்சாணங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 1920-களில் அவரும் இதே முடிவுக்குத்தான் வந்தார். கொள்ளைநோய் தன் காலத்தில் வருகிறது, தெளிப்பவர் விருப்பத்துக்கு அது வருவதில்லை என்றார்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்தபின் பூஞ்சாணத்தால் பயனில்லை என்று முடிவுகட்டியவர்கள் பலர். எனக்கு அப்படிப் படவில்லை. பூஞ்சாணம் கொல்லவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. கொன்றது, ஆனால் நம் கட்டளைப்படி கொல்லவில்லை என்றார்கள். அதற்குத் தேவையான சூழலைப் புரிந்துகொள்ளாமல் வித்தை மட்டும் தூவியது நம் பிழை.

காலத்தைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் இன்னொரு கதையைச் சொல்லியாகவேண்டும். 1860-களின் இறுதியில் பட்டு ஆய்வுக்காக ஐரோப்பாவிலிருந்து மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டுக்கு ஒருவர் கொண்டுவந்த அந்துப்பூச்சி தப்பி வெளியேறியது. அதன் புழுக்கள் ஓக் காடுகளை மொட்டையடித்தன. 1910, 1911 ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து அதற்கு எதிரியான பூஞ்சாணம் ஒன்றை வரவழைத்துப் பாஸ்டன் நகரருகே விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை, தோல்வி என்று எழுதிவைத்தார்கள். 1989-இல், நல்ல மழைக்குப் பிறகு, வடகிழக்கு மாநிலங்களின் காடுகளில் புழுக்கள் மரப்பட்டையில் ஒட்டியபடியே கூட்டம் கூட்டமாகச் செத்துத் தொங்கின. கொன்றது அந்த ஜப்பானியப் பூஞ்சாண இனம்தான். முதலில் விட்டதன் வழிவந்ததா, இடையில் வேறு வழியாக வந்து சேர்ந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அதன் பிறகு அது அந்தக் காடுகளில் நிலைத்துவிட்டது. வசந்த காலம் வறண்டால் அது தளர்கிறது. 2015, 2016-இல் வறட்சியில் புழுக்கள் மீண்டும் பெருகிக் காடுகளை மொட்டையடித்தன. 2017-இல் மழை வந்ததும் பூஞ்சாணமும் திரும்பி வந்தது.

காடு காத்திருக்கும். வயலால் அப்படிக் காத்திருக்க முடியாது.

சூழலைப் புரிந்துகொண்டால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவின் வெட்டுக்கிளித் திட்டம் சான்று. 1980-களின் பிற்பாதியில் பாலைவன வெட்டுக்கிளி பெருகியது. முன்பு நம்பியிருந்த டீல்ட்ரின் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் நஞ்சு என்று தெரிந்து கைவிடப்பட்டிருந்தது. 1989-இல் பல நாடுகளின் நிதியில், பெனின் நாட்டில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்தை ஒரு மையமாகக்கொண்டு லுபிலெக்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. ஈரம் வேண்டும் ஒரு பூஞ்சாணத்தைப் பாலைவனத்தில் எப்படிப் பயன்படுத்துவது? வித்துகளைத் தண்ணீரில் கரைக்காமல் எண்ணெயில் கலந்தார்கள். எண்ணெய் வித்தைப் பூச்சியின் தோல் மடிப்புகளுக்குள் கொண்டுசெல்கிறது. அங்கே வறண்ட காற்றிலும் அது முளைக்கிறது. நோயுற்ற வெட்டுக்கிளி வெயிலில் நின்று தன் உடல்சூட்டை ஏற்றிக்கொண்டு பூஞ்சாணத்தோடு போராடுகிறது என்பதையும் கண்டறிந்தார்கள். திட்டம் 2002 வரை நடந்தது. அதன் விளைவாக வந்த மருந்து ‘கிரீன் மசில்’. அது வெட்டுக்கிளி, தத்துக்கிளி இனங்களை மட்டுமே குறிவைக்கிறது, தேனீயையும் பறவையையும் கால்நடையையும் விட்டுவிடுகிறது. கொல்ல எடுத்துக்கொள்ளும் நாள்கள் 14 முதல் 20.

2020-இல் வெட்டுக்கிளிகள் ராஜஸ்தானுக்குள் வந்தபோது நாம் மாலத்தியானை டிரோன்களிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றித் தெளித்தோம். அதே ஆண்டு சோமாலியா பெரும் பரப்பில் பூஞ்சாணத்தைத் தெளித்தது. அது ஆடும் ஒட்டகமும் மேயும் நிலம். உள்நாட்டுப் போரில் சிதைந்த ஒரு நாட்டால் அந்த முடிவை எடுக்க முடிந்தது. விளைந்த வயல்மேல் வந்து இறங்கிய கூட்டத்துக்கு 20 நாள் அவகாசம் தர முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் இறகு முளைக்காத குஞ்சுகள் பாலையில் ஊர்ந்து திரியும் கட்டத்தில் அந்த அவகாசம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது அரசுகளால் முடிகிற வேலை, தனி விவசாயியால் முடியாதது.

நம் ஊருக்கு வருகிறேன். இந்தியச் சட்டத்தின்படி இவ்வகைப் பூஞ்சாண மருந்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்கவேண்டும். ஆலையை விட்டு வரும்போது இருக்கலாம். பிறகு அது லாரியில் வெயிலில் பயணிக்கிறது, தகரக் கூரை போட்ட கடையில் ரசாயனப் புட்டிகளோடு மாதக்கணக்கில் நிற்கிறது, கடைசியில் மோட்டார் ரூமுக்குப் போகிறது. உறைமோரை உச்சிவெயிலில் நாள்கணக்கில் வைத்துவிட்டுப் பால் உறையவில்லையே என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சந்தையில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் வித்து எண்ணிக்கை குறைந்த பொருள்களைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். உயிரியல் மருந்து என்ற பெயரில் ரசாயனத்தைக் கலந்து விற்றவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் தாண்டி உயிரோடு வந்த வித்தும், நேற்றுப் பூஞ்சாணக்கொல்லி அடித்துவிட்டுக் கழுவாத டேங்கில் விழுந்து சாகிறது. அதிலும் பிழைத்தது பகல் பதினொரு மணி வெயிலில் இலைமேல் காய்ந்துபோகிறது. மாலையில் அடிக்கவேண்டும் என்று விவசாயிக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விவசாயி வயலுக்குப் போய்ப் பார்க்கிறார். பூச்சி உயிரோடு ஊர்கிறது. ‘மருந்து கேக்கல’ என்கிறார். நான்காம் நாள் ரசாயனம் அடிக்கிறார். இதற்காக அவரைக் குறைசொல்லப் பலர் இருக்கிறார்கள். விவசாயிக்குப் பொறுமையில்லை, உடனடிப் பலன் கேட்கிறார் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மருந்தையும் உரத்தையும் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கி, அவர் கொடுப்பதையே அடிக்கும் நிலையில் இருப்பவர் பத்து நாள் காத்திருப்பது எப்படி? அந்தப் பத்து நாளில் மக்காச்சோளக் குருத்தைப் படைப்புழு தின்றுவிட்டால் அந்த இழப்பு முழுவதும் அவருடையது. நஞ்சு குறைவதால் வரும் நன்மையோ எல்லோருக்கும் உரியது. காய்கறி வாங்கித் தின்னும் நமக்கும், கிணற்றுத் தண்ணீருக்கும், தேனீக்கும் அதில் பங்கு உண்டு. ஊருக்கெல்லாம் கிடைக்கும் நன்மைக்கான விலையை ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, அவருக்குப் பொறுமையில்லை என்று சொல்வது அநீதி.

காத்திருக்க முடிகிற பயிர் தென்னை. 2016-இல் பொள்ளாச்சியில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகத் தென்பட்டபோது, அடிமட்டைகளெல்லாம் கரும்படலம் படிந்து தோப்பே கறுத்தது. மரத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் ரசாயனத்தைத் தேடினார்கள். ரசாயனம் அடிக்காதீர்கள் என்று ஆய்வாளர்கள் வேண்டினார்கள். வெள்ளை ஈயின் குஞ்சுகளில் முட்டையிடும் என்கார்சியா என்ற சிறு குளவி தோப்புகளில் தானே பெருகிக்கொண்டிருந்தது. ரசாயனம் பட்டால் முதலில் சாவது அதுதான். கூடவே பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் ஐசேரியா என்ற பூஞ்சாணத்தைப் பரிந்துரைத்தது. தென்னைக்கு வயது ஐம்பது, அறுபது. ஒரு பருவம் காய் குறைந்தாலும் மரம் நிற்கும். பூஞ்சாணத்தை முதலில் வேரூன்றச் செய்யவேண்டிய இடங்கள் தோப்புகளும் காடுகளும்தான் என்று நான் கருதுவது இதனால்தான்.

அறிவியலும் இப்போது அவசரப்படத் தொடங்கியிருக்கிறது. புர்கினா ஃபாசோவில் மலேரியா கொசுவுக்கு எதிராக நடந்து, 2019-இல் முடிவு வெளியான சோதனையில், மெட்டாரைசிய இனம் ஒன்றுக்குள் ஆஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் நஞ்சைத் தயாரிக்கும் மரபணுவைச் செருகினார்கள். வலையால் அடைத்த கூடத்துக்குள் 45 நாள்களில் கொசுக் கூட்டம் சரிந்தது. குழந்தைகளைக் கொல்லும் நோய்க்கு எதிரான முயற்சி அது. அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அதே வேகத்தைக் கத்தரிக்கும் பருத்திக்கும் கேட்கும் நாள் தொலைவில் இல்லை. அந்த நாள் வரும்போது, காற்றில் எல்லை தாண்டும் ஒன்றுக்கு விஷப்பல் முளைக்கவைப்பதை எத்தனை முறை யோசித்தாலும் தகும்.

அரசிடம் கேட்கவேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. ஒவ்வொரு வட்டாரத்திலும் வித்து எண்ணிக்கையைச் சோதிக்கும் கூடம் ஒன்று வேண்டும், அதன் முடிவைப் புட்டியின் பெயரோடு வெளியிடவேண்டும். பூஞ்சாணத்தை வெயில் படாமல் விவசாயி கைவரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வேண்டும். பரிந்துரைத்தபடி அடித்தும் பயிர் போனால் அந்த இழப்பில் அரசு பங்கேற்கவேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் முதல் இரண்டும் நெடுநாள் நிற்காது.

தோப்பும் வயலும் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நிழலில் வையுங்கள். கழுவிய டேங்கில் கலந்து, மாலையில், முகத்தில் துணிகட்டிக்கொண்டு அடியுங்கள். பத்து நாள் விட்டு வந்து பாருங்கள். பக்கத்தில் பட்டுப்புழு மனை இருந்தால் பிவேரியாவைத் தொடாதீர்கள். அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு எதையும் தெளிக்காதீர்கள்.